குட்டைக் கையெழுத்து

ஜெயித்த அன்று போட்ட மாலைகள் மூன்றாம் நாள் குப்பைக்குப் போய்விடும். அதே மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து லெட்டர்பேடு வரும். மேலே அரசு முத்திரை, அதன் கீழே உங்கள் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அந்த மூன்று எழுத்து. முதல் முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் அதை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்திருப்பீர்கள். நானும் முகர்ந்து பார்த்தேன், புது மையின் வாசனை நன்றாகத்தான் இருந்தது.

அவையில் கேள்வி கேட்பது எப்படி, மானியக் கோரிக்கையில் பேசுவது எப்படி என்பதற்கெல்லாம் பயிற்சி வகுப்பு வைப்பார்கள். மதியச் சாப்பாடும் உண்டு. நான் அதில் எதையும் தொடப்போவதில்லை. நாலு முறை ஜெயித்து இரண்டு முறை தோற்றவன் என்ற உரிமையில், அந்த லெட்டர்பேடைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அவையில் நான் பேசிய பேச்சால் யாருக்கும் நல்லதோ கெட்டதோ நடந்ததாக எனக்கு நினைவில்லை. லெட்டர்பேடு அப்படியில்லை, அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் நான் முதல் முறை ஜெயித்துச் சென்னைக்குப் போனேன். எம்.எல்.ஏ. விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் ஒரு மூத்த உறுப்பினர் இருந்தார். எந்த மாவட்டம் என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம். என் அறை வாசலில் தினமும் சிபாரிசுக் கடிதத்துக்கு நின்ற கூட்டத்தையும், நான் ஒவ்வொருவரிடமும் "முடியாதுங்க, முடியாதுங்க" என்று சொல்லித் தொண்டை கட்டிப்போனதையும் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேண்டீனில் என்னை உட்காரவைத்து உபதேசம் செய்தார்.

"தம்பி, முடியாதுன்னு சொல்றது எம்.எல்.ஏ. வேலை இல்ல. அதைச் சொல்றதுக்குச் சம்பளம் வாங்கிட்டு அதிகாரிங்க இருக்காங்க. நீ எல்லாருக்கும் லெட்டர் குடு. நிஜமா வேணும்கிற ஆளுக்கு முழுசாக் கையெழுத்துப் போட்டு அடியில ஒரு கோடு இழு. மத்தவங்களுக்குச் சுருக்கமா ஒரு கிறுக்கல். அந்தப் பக்கம் இருக்கிறவன்கிட்ட இதை ஒரு தடவை சொல்லி வெச்சுடு. முடிஞ்சுது."

இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. அன்று அவருடைய காப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் எப்படி மாறியது என்று உங்களுக்குத் தெரியாது. ராகியும் அவரையும் விளைந்த மண்ணில் கம்பி வேலி போட்டார்கள். வேலிக்குள் ஷெட் எழும்பியது. திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரை என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் தகரப்பெட்டியோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். நிலம் கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று கம்பெனி பஸ்ஸை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு கூட்டம் போட்டோம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று நான் மேடையில் தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், கன்னடத்திலும் சொன்னேன். மூன்று மொழியிலும் கைதட்டினார்கள். ஒரு மொழியிலும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த வேலிக்குள் ஒரு வார்ப்புத் தொழிற்சாலை இருந்தது. அதன் பர்சனல் மேனேஜர் திருநெல்வேலிக்காரர், தங்கமான மனிதர். ரோடு, தண்ணீர், மின்சாரம் என்று அவருக்கும் என்னால் ஆகவேண்டிய காரியங்கள் இருந்தன. கையெழுத்து விஷயத்தை நான் பாதி சொல்லும்போதே பிடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுட்டு சார். நெட்டைக் கையெழுத்து, குட்டைக் கையெழுத்து. நெட்டைன்னா எடுக்கணும். குட்டைய நான் பாத்துக்கிடுதேன்."

குட்டையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. ஓர் எம்.எல்.ஏ. கேட்கவேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்று தெரிய எனக்குச் சில வருஷம் ஆனது.

ஏற்பாடு அழகாக ஓடியது. வேலை கிடைத்தவன் என்னிடம் வந்து மாலை போட்டான். கிடைக்காதவனும் என்னிடம்தான் வந்தான், எனக்கு ஆறுதல் சொல்ல. "நீங்க என்னா பண்ணுவீங்க, நீங்க குடுத்தீங்க, அந்த மேனேஜர்தான் மதிக்க மாட்டேங்கறான்" என்பான். நான் சோகமாகத் தலையை ஆட்டுவேன். மேனேஜருக்குத் திட்டு, எனக்கு ஓட்டு. அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

முனிரத்தினம்மா அந்த நாட்களில்தான் என் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார். உத்தனப்பள்ளி போகிற வழியில் ஒரு சின்ன ஊர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கணவர் இல்லை. இருந்த நிலத்தில் பெரும்பகுதி வேலிக்குள் போய்விட்டது. மீதி இருந்த துண்டில் அவரை போட்டிருந்தார். மகன் நாகராஜ் ஐ.டி.ஐ. முடித்தவன். மேடையில் நான் சொன்ன வேலையைக் கேட்க வந்தார்.

அவருக்கு நான் குட்டைக் கையெழுத்துத்தான் போட்டேன். காரணம் சொல்கிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. நிலம் கொடுத்தது முப்பது குடும்பத்துக்கு மேல். கம்பெனி எடுத்ததோ வருஷத்துக்கு நாலைந்து பேர். அந்த நாலைந்தும் சத்தம் போடுகிறவர்களுக்குத் தேவைப்பட்டது. எங்கள் ஒன்றியச் செயலாளரின் அக்கா மகன் சீனிவாசன் அதே ஊர்தான். அவனுக்கு நெட்டை போனது. முனிரத்தினம்மா சத்தம் போடாதவர். வந்தால் சுவரோரம் நிற்பார், கூப்பிட்டால் பேசுவார், லெட்டரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் ஒரு பை அவரைக்காய் கொண்டுவருவார். நாங்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டு வருஷத்தில் ஆறு லெட்டர். என் உதவியாளர் ஹமீது பாய்தான் டைப் அடிப்பார். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம், கணக்குப் பிசகாத மனிதர். நாலாவது லெட்டரை என் முன்னால் வைக்கும்போது கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணா, இந்த ஒரு தடவை நீட்டமாப் போட்டுடுங்க. அந்தம்மா பாவம்."

"அடுத்த தடவை பாக்கலாம் பாய்" என்றேன். அடுத்த தடவை என்ற சொல் நம் தொழிலில் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். ஹமீது பாய் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு வீட்டுக்கு வந்தால் அவரைக்காய்ப் பொரியலை மட்டும் தொடமாட்டார்.

எங்கள் ஏற்பாட்டைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி அல்ல, ஜெராக்ஸ் மிஷின். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அப்போதுதான் கடை வந்திருந்தது. லெட்டரைக் கம்பெனியில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சீனிவாசன் தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, பொட்டு வைத்திருந்தான். எனக்கு இது தெரிந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, முனிரத்தினம்மா வந்தார். அறையில் ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் கம்பெனியில் காலியான ஒரே இடத்துக்குத் தன் மச்சான் பெயரைச் சொல்லிவிட்டு, நான் பேனாவை எடுக்கட்டும் என்று காத்திருந்தார். வாசலில் வழக்கம்போல ஏழெட்டுப் பேர். முனிரத்தினம்மா சுவரோரம் நிற்கவில்லை. நேராக வந்து ஒயர் கூடையை என் மேஜைமேல் வைத்தார். அவரைக்காய் என்றுதான் நினைத்தேன். கூடையிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார், பொட்டு வைத்த சீனிவாசன் லெட்டர். பிறகு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆறு ஜெராக்ஸை எடுத்துச் சட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கண்ணா. பாக்கத் தெரியும். சீனு வூட்டுக்கு வளைகாப்புக்குப் போயிருந்தேன், அங்க பாத்துட்டுக் கேட்டு வாங்கியாந்தேன். இதுல உங்க பேரு நீட்டமா இருக்குது, அடியில கோடு இழுத்திருக்குது. எங்களுதுல கோழி கிண்டின மாதிரி இருக்குது. ஆறுலயும் அப்படித்தான் இருக்குது. அது ஏனுங்க?"

படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கடிதங்களைப் படித்திருக்கிறார்கள். "மேற்படி நபரின் குடும்ப நிலையைக் கருத்தில் கொண்டு" என்ற வரியைப் படித்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். எழுத்தே தெரியாததால் இந்த அம்மாள் ஒருவர்தான் காகிதம் முழுவதையும் பார்த்திருக்கிறார்.

"அவசரத்துல போட்டிருப்பேம்மா" என்றேன்.

"ஆறு தடவையும் அவசரங்களா?"

ஒன்றியச் செயலாளர் விட்டத்தைப் பார்த்தார். ஹமீது பாயின் டைப்ரைட்டர் நின்றுவிட்டது.

"சரி வுடுங்கண்ணா. இன்னைக்கு அவசரம் இல்லாம ஒண்ணு போடுங்க. நா உக்காந்துக்கறேன்" என்று ஒன்றியச் செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அவர் என் அலுவலகத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

நெருக்கடி என்றால் அரசு கவிழ்வது, துப்பாக்கிச்சூடு நடப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கெல்லாம் யோசிக்க நேரம் கொடுப்பார்கள், உங்களுக்காக யோசிக்கவும் ஆள் இருப்பார்கள். இது மாதிரி ஒரு திங்கட்கிழமையில் நாற்காலி இரண்டு, இடம் ஒன்று, பேனா உங்கள் கையில். ஒரு பக்கம் பதினேழு ஊர்க் கிளையைக் கையில் வைத்திருந்தவர். இன்னொரு பக்கம் ஓர் ஓட்டு, மகனையும் சேர்த்தால் இரண்டு. கணக்குப் போட எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் நீளமாக இருந்த என் பெயரைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"பாய், நாகராஜ் பேருக்கு ஒண்ணு அடிங்க" என்றேன்.

அடித்து வந்ததில் முழுக் கையெழுத்துப் போட்டேன். அடியில் கோடு இழுத்தேன், வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக. ஒன்றியச் செயலாளர் எழுந்திருக்கவில்லை, ஆனால் செருப்பைத் தேடிக் காலை நகர்த்தினார். அந்த வேகத்திலேயே போனின் பூட்டைத் திறந்து மேனேஜரைக் கூப்பிட்டேன். நல்லவனாகிவிட்ட சந்தோஷம் உடம்பெல்லாம் பரவியிருந்தது. நல்லது செய்வதை நாலு பேர் எதிரில் செய்தால் கிடைக்கிற சந்தோஷம் அது.

"சார், முனிரத்தினம்மா பையன் நாகராஜ். லெட்டர் வருது. முழுசாப் போட்டிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையனா சார்? அவனுக்கு வயசு ஏறிட்டே. போன மாசத்தோட இருபத்தஞ்சு முடிஞ்சிட்டு. அதுக்கு மேல எங்க ஆளுங்க எடுக்க மாட்டாங்க, யார் சொன்னாலும் நடக்காது" என்றார். பிறகு, அவர் நல்ல மனிதர் என்றேனே, அதனால் மனது கேளாமல் இன்னும் ஒன்றைச் சொன்னார். "நல்ல பையன் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டெஸ்ட்டுல அவன்தான் முதல்ல வந்தான். ஆர்டர் போட எடுத்து வச்சேன். அப்பதான் உங்க குட்டை லெட்டர் வந்து சேந்துது. எம்.எல்.ஏ. வேண்டாம்னு சொல்ற ஆளை எடுத்து எதுக்குப் பொல்லாப்புன்னு நிறுத்திட்டேன். அப்புறமும் ஒவ்வொரு தடவையும் குட்டையாவே வந்துது. உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதோ பகைன்னுல்லா நினைச்சேன்."

"லெட்டர் வராம இருந்திருந்தா?"

"எடுத்திருப்பேன் சார்."

போனை வைத்தேன். குட்டைக் கையெழுத்து என்றால் லெட்டரே இல்லாத மாதிரி என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சும்மா ஒரு காகிதம், யாருக்கும் நஷ்டமில்லை, வாங்கிப் போகிறவருக்கு ஒரு மனநிறைவு என்று. தானாக வேலை கிடைக்கக்கூடியவன் ஒருவன் அந்தக் காகிதத்தோடு வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்யவில்லை, பயம்தான் காரணம்.

முனிரத்தினம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. வயசு தாண்டிடுச்சாம். இனிமே முடியாது" என்றேன். அந்தக் கேண்டீன் உபதேசத்துக்குப் பிறகு மனு கொண்டுவந்த ஒருவரிடம் நேருக்கு நேராக நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை. மீதியைச் சொல்லவில்லை.

அவர் அழவில்லை. ஜெராக்ஸ்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கவருக்குள் வைத்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா, பெங்களூர்ல அவன் மாமன் கூப்பிட்டப்பவே அனுப்பியிருப்பேன். நல்ல கம்பெனி. எம்மெல்லே லெட்டர் கையில இருக்குது, இன்னைக்கோ நாளைக்கோ கூப்புடுவாங்கன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்" என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டவர், என்ன நினைத்தாரோ, திரும்பினார். "போனது போச்சு. பொண்ணு லட்சுமி பத்தாவது முடிச்சிருக்குது. பக்கத்துல எலக்ட்ரிக் சாமான் பண்ற கம்பெனியில பொண்ணுங்களை எடுக்கறாங்களாம். அதுக்காவது ஒண்ணு நீட்டமாப் போட்டுக் குடுங்கண்ணா."

பேனா மேஜையிலேயே இருந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் என் கையெழுத்து விஷயம் தெரியும். நீளமாகப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை நிச்சயம். இத்தனை நாள் செய்ததற்குப் பரிகாரமாகவும் இருக்கும். ஆனால் அங்கே எங்கள் ஒன்றியச் செயலாளருக்கும் ஆட்கள் இருந்தார்கள். என் லெட்டரோடு வருகிற பெண், தன் மச்சானுக்கு லெட்டர் கிடைக்காமல் செய்த அம்மாளின் மகள் என்று அவர் சாயங்காலத்துக்குள் சொல்லி நிறுத்திவிடுவார். லெட்டர் இல்லாமல் போகிற பெண்ணை யார் கவனிக்கப்போகிறார்கள்? டெஸ்ட் எழுதுவாள். தேறினால் எடுப்பார்கள்.

"லட்சுமிக்கு லெட்டர் வேண்டாம்மா. சும்மா போகச் சொல்லு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டவர், மகனுக்குக் கிறுக்கலாவது கிடைத்தது, மகளுக்கு அதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போனார். ஏன் என்று விளக்க வேண்டுமானால் நாகராஜ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னாலேயே ஒன்றியச் செயலாளரும் போனார். அவர் மச்சானுக்கும் அன்று நான் லெட்டர் தரவில்லை, ஆகவே அவருக்கும் என்மேல் கோபம். ஒரே காலையில் இரண்டு பேரையும் இழந்த சாமர்த்தியம் என்னுடையது.

அன்றோடு லெட்டர்பேடை ஹமீது பாய் பீரோவில் வைத்துப் பூட்டினார். முடியாததை முடியாது என்றே சொல்ல ஆரம்பித்தேன். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது இந்த ஞானம் வருவது எவ்வளவு நல்லது என்று உங்கள் தலைமையைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தேர்தலில் நான் தோற்றேன். ஜெயித்தவர் எல்லோருக்கும் லெட்டர் கொடுத்தார்.

பிரச்சாரத்தின்போது அந்த ஊருக்கும் போகவேண்டியிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு போனேன். முனிரத்தினம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் லட்சுமி, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உங்க லெட்டர் இல்லாமலே எம் பொண்ணுக்கு வேலை கெடச்சிருச்சுங்கண்ணா" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. சத்தம் போடாத அம்மாள் என்று சொன்னேனே, அன்று போட்டார். தெருவே சிரித்தது, என்னோடு வந்த கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த வேலைகளிலேயே யாரையும் கெடுக்காமல் வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் ஏறும்போது பின்னால் ஓடிவந்து ஒருவன் என் கையைப் பிடித்தான். கிரீஸ் போகாத நகங்கள். பெங்களூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை செய்வதாகவும், அம்மாவைப் பார்க்க வந்ததாகவும் சொன்னான்.

"அம்மா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது. யாரு சார் இந்தக் காலத்துல ஒரே ஆளுக்கு ஆறு தடவை லெட்டர் குடுப்பாங்க? நீங்க குடுத்தீங்க. எங்க நேரம் சரியில்ல, அவ்வளவுதான்" என்றான் நாகராஜ். "ரொம்ப நன்றிங்க சார்."

"இருக்கட்டும்ப்பா, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.